புகாட்டி ராயல்: பாடி மாறினால் கார் மாறுமா?

கேள்வி. ஜனவரி 4, காலை

புகாட்டி டைப் 41 ராயல் உலகத்தில் ஆறுதான் என்கிறார்கள். பழைய படங்களை அடுக்கினால் பத்துக்கு மேல் தோற்றங்கள் வருகின்றன. ஒரே சேஸிஸ் எண்ணுக்கு ஒரு படத்தில் ஹெட்லைட்டே இல்லாத இருவர் வண்டி, இன்னொரு படத்தில் மூடிய பெரிய வண்டி. அப்படியானால் பாதிக்கு மேல் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டுச் செய்தவை என்றுதானே அர்த்தம்? எதை அசல் ராயல் என்பது?

ஜனவரி 4, இரவு

இல்லை. குழப்பத்துக்குக் காரணம், நாம் காரை இன்றைய கணக்கில் பார்ப்பது. அந்தக் காலத்தில் விலை உயர்ந்த கார் என்றால் கம்பெனி தருவது சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், ரேடியேட்டர். அதற்குமேல் பாடி கட்டுவது வேறு பட்டறை. பஸ் சேஸிஸை வாங்கிக் கரூரில் பாடி கட்டும் அதே ஏற்பாடு. பாடி பழையதானால், பிடிக்காமல் போனால், வண்டி கைமாறினால், கழற்றிவிட்டு வேறு கட்டுவார்கள். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை.

ஆறு சேஸிஸ்: 41.100, 41.111, 41.121, 41.131, 41.141, 41.150. இவற்றில் 41.121, 41.131, 41.141, 41.150 ஆகிய நான்கும் முதலில் கட்டிய பாடியோடுதான் இன்றும் நிற்கின்றன. பாடி மாறியவை 41.100, 41.111 இரண்டு மட்டுமே. பத்துப் படமும் இந்த இரண்டால் வந்த வினை.

கம்பெனியின் நிறுவனர் எத்தோர் புகாட்டி போட்ட திட்டம் 25 வண்டி. 14.7 லிட்டர், எட்டு சிலிண்டர், நேர்வரிசை. வாங்குவோர் பட்டியலில் அரசர்கள் இருப்பார்கள் என்பது கணக்கு. ஸ்பெயின் மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோ ஒன்று எடுப்பதாக இருந்தது. 1931இல் அவர் நாட்டைவிட்டே போனார். கடைசியில் ஓர் அரசர்கூட வாங்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் மூன்று பேர்: ஆயத்த ஆடை உற்பத்தியாளர், மகப்பேறு மருத்துவர், பரம்பரைச் சொத்துக்காரர்.

ஜனவரி 5

திருத்தம். நேற்று 14.7 லிட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிட்டேன், தவறு. அது முதல் மாதிரி வண்டிக்கு மட்டும். போர் (bore, சிலிண்டர் துளையின் விட்டம்) 125 மி.மீ. இரண்டிலும் ஒன்றுதான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) மாதிரி வண்டியில் 150, பிந்தையவற்றில் 130. போட்டுப் பார்த்தால் 130க்கு 12,763 சிசி வரும், 150க்கு 14,726.

ஒரு சிலிண்டர் மட்டும் 1,595 சிசி. பழைய மாருதி 800இன் முழு எஞ்சினே 796 சிசி. ராயலின் ஒரு சிலிண்டருக்குள் இரண்டு மாருதி எஞ்சின் அடங்கும். புகாட்டி அதே காலத்தில் விற்ற டைப் 40இன் முழு எஞ்சினைவிடவும் இது பெரிது.

குதிரைத்திறன் 275 முதல் 300 வரை. அளவுக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் இது இரண்டாயிரம் சுற்றைத் தொடாமலே வேலை முடிக்கிற எஞ்சின். கியர் மூன்றே. முதல் கியர் நகர்த்துவதற்கு, இரண்டாவது நேரடி, மூன்றாவது ஓவர்டிரைவ். ஊருக்குள்ளும் ஊருக்கு வெளியிலும் பெரும்பாலும் இரண்டாவதே போதும். மூன்று டன்னுக்கு மேல் எடையை ஒரே கியரில் வழுக்கிக்கொண்டு போக வைத்ததுதான் இந்த வண்டியின் உண்மையான ஆடம்பரம். வால்நட் மரம் போர்த்திய ஸ்டியரிங்கும், ரேடியேட்டர் மூடியில் நிற்கும் யானையும் அதற்கு அப்புறம்தான். அந்த யானை எத்தோரின் தம்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த சிற்பம். ரெம்ப்ராண்ட் 1916இலேயே இறந்துவிட்டார்.

ஜனவரி 5, பின்னிரவு

வாங்கிய மூவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அர்மான் எஸ்டெர்ஸ், ஆயத்த ஆடை உற்பத்தியாளர், பிரெஞ்சுக்காரர். 1932 ஏப்ரலில் 41.111ஐ வாங்கினார். எத்தோரின் மகன் ஜான் புகாட்டி அதற்கு இருவர் உட்காரும் திறந்த பாடியும் பின்னால் டிக்கி சீட்டும் வரைந்தார். இரவில் ஓட்டப்போவதில்லை என்று எஸ்டெர்ஸ் சொன்னதால் ஹெட்லைட் வைக்கவில்லை. முன்பக்க மட்கார்டின் வளைவு தடையில்லாமல் ஓடுவது அதனால்தான். பிறகு அது அரசியல்வாதி பத்தெனோத்ர் கைக்குப் போனது. அவர் அந்தப் பாடியைக் கழற்றி, பாரிஸின் ஆன்றி பிந்தேர் பட்டறையில் கூப்பே த வில் (பயணிகள் பகுதி மூடிய) பாணியில் வேறு பாடி கட்டவைத்தார். கேள்வியில் சொன்ன இரண்டு படமும் இந்த ஒரே வண்டி.

யோசெஃப் ஃபுக்ஸ், ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர், 41.121. மியூனிக்கின் லுட்விக் வைன்பெர்கர் பட்டறையில் கேப்ரியோலே (கூரையை மடக்கித் திறக்கும்) பாடி. கறுப்பு, மஞ்சள். 1932 மே மாதம் வண்டி கைக்கு வந்தது.

கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டர், ஆங்கிலேயர், 41.131, 1933. லண்டன் பார்க் வார்டு பட்டறையில் லிமோசின் பாடி. ஆறில் மிகவும் அடக்கமாக நிற்பது இதுதான். அழகு குறைவு என்று பலரும் ஒதுக்குவார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. 4.3 மீட்டர் சக்கர இடைவெளியில் நேர்கோட்டை மட்டும் வைத்துக் கண்ணை உறுத்தாத பாடி கட்டுவது, வளைத்துக் கட்டுவதைவிடக் கடினம்.

ஜனவரி 7

முதல் குறிப்பில் சேஸிஸ் எண்தான் காரின் அடையாளம் என்கிற தொனியில் எழுதியிருந்தேன். 41.100ஐ வைத்துப் பார்த்தால் அந்த விதி நிற்காது. பின்வாங்குகிறேன்.

அந்த எண்ணின் கதை இது. மாதிரி வண்டிக்கு முதலில் அமெரிக்கப் பேக்கர்டு காரிலிருந்து எடுத்த பாடி. பிறகு வேறு சில பாடிகள், அப்புறம் பாரிஸின் வேமான் கட்டிய இரு கதவுப் பாடி. 1930 அல்லது 31இல் எத்தோர் பாரிஸிலிருந்து அல்சாஸுக்கு ஓட்டிவரும்போது தூங்கிப்போய் மோதிவிட்டார். வண்டி பெரிய அளவில் திரும்பக் கட்டப்பட்டது. அதன்மேல் ஜான் வரைந்த பாடிதான் கூப்பே நெப்போலியன்: ஓட்டுநர் வெளியே, முதலாளி உள்ளே. இன்று அதில் இருப்பது 12.7 லிட்டர் எஞ்சின். ஆக, முதல் பாடி இல்லை, முதல் எஞ்சினும் இல்லை.

அப்படியும் அது அசல் ராயல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன்? கட்டியதும் முறித்ததும் திரும்பக் கட்டியதும் ஒரே தொழிற்சாலை. 1963 வரை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. சந்தேகம் நுழைய இடைவெளியே இல்லை. எனவே விதியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: எண் ஓர் ஆதாரம், கைமாறிய வரிசை அறுபடாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆதாரம். உரிமையாளர்களின் வரலாறு வேண்டியிருப்பது ஊர்க்கதைக்காக அல்ல, இதற்காகத்தான்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

எண் முத்திரை பற்றி ஒரு வரி. தகடு கழன்று வரும், வேறு வண்டியில் ஏறும். தகட்டை மட்டும் நம்பி எந்தப் பழைய காரையும் வாங்கக் கூடாது. எஞ்சின் வார்ப்பில், கியர்பாக்ஸில், அச்சில் வெட்டியிருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய படங்களோடும் பதிவு ஆவணங்களோடும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் ஒத்துவராவிட்டால் பழுதுபார்க்கும்போது மாற்றியிருக்கலாம். இரண்டு மூன்று ஒத்துவராவிட்டால் வண்டியைப் பிரித்து இரண்டாக்கியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். இதர புகாட்டிகளில் இந்தத் தலைவலி அதிகம்.

ஜனவரி 9

விற்காத மூன்று என்ன ஆயின என்ற கேள்விக்கு.

41.141 கெல்னர் பட்டறை பாடி. 1932இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 6,500 பவுண்டு விலையோடு நிறுத்தினார்கள். வாங்க ஆள் இல்லை. 41.150 பெர்லின் த வொயாஜ் (ஊர் அல்ல, பாடி வகையின் பெயர்), குதிரை வண்டியின் சாயலில் கட்டியது. இவை இரண்டும் நெப்போலியனும் புகாட்டி குடும்பத்திடமே தங்கின. போர் வந்ததும் எர்மெனோன்வில் மாளிகையில் மூன்றையும் நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். ஜெர்மானியர் கையில் சிக்கவில்லை.

போருக்குள்ளும் அதன் பின்னும் குடும்பம் நொடித்துப்போனது. ஜான் 1939 ஆகஸ்டிலேயே, தொழிற்சாலை இருந்த மோல்சைம் அருகே பந்தயக் காரைச் சோதித்து ஓட்டும்போது இறந்துவிட்டார். எத்தோர் 1947இல் போனார். 1950இல் மகள் லேபே, அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமுக்குக் கொடுத்தார். தொகையாகச் சொல்லப்படுவது 2 லட்சம் பிராங்க், கூடவே ஜெனரல் எலக்ட்ரிக் ஃபிரிட்ஜ் இரண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் ரொக்கம் 571 டாலர்தான். ஃபிரிட்ஜைக் கேட்டு இப்போது வியக்கிறோம். போருக்குப் பிந்தைய பிரான்சில் அந்த ஃபிரிட்ஜ் காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருள். எண்ணெய் குடிக்கும் பழைய பெரிய கார் யாருக்கும் வேண்டாத பொருள்.

ஜனவரி 10

"கன்னிங்ஹாம் மூன்றையும் வாங்கினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, கெல்னரும் பெர்லினும் மட்டும். சுவருக்குப் பின்னால் இருந்தவை மூன்று, அமெரிக்காவுக்குப் போனவை இரண்டு. நெப்போலியன் பிரான்சை விட்டு விற்பனையாகவில்லை. 1963இல் முல்ஹவுஸில் புகாட்டிகளைச் சேகரித்த ஷ்லும்ஃப் சகோதரர்களிடம் போனது. என் நேற்றைய குறிப்பும் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

ஜனவரி 12

வால்வு வேலை. இதைக் கேட்டவருக்கு நன்றி, ராயலைப் பற்றிப் பேசுபவர்கள் யானையையும் விலையையும் சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிலிண்டர் பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் ஒரே வார்ப்பு. நடுவில் பிரிக்கும் இடமே கிடையாது. நன்மை: இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட் இல்லை, எனவே கேஸ்கெட் போகாது, ஹெட் போல்ட் இறுக்கத்தில் வார்ப்பு கோணாது, எரி அறையைச் சுற்றித் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். 1920களில் நீண்ட எஞ்சினுக்குக் கேஸ்கெட் பெரிய பலவீனம். எத்தோர் அதை வேரோடு நீக்கிவிட்டார்.

விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு, உள்ளே இழுக்க இரண்டு, புகை போக ஒன்று. மொத்தம் 24. அன்றைய எஃகுக்கும் பெட்ரோலுக்கும் வால்வு முகம் சீக்கிரம் தீயும், சீட்டில் (வால்வு அமரும் விளிம்பில்) சரியாக உட்காராது, அழுத்தம் கசியும். அவ்வப்போது எடுத்து கிரைண்ட் செய்வது அந்தக் காலத்தில் வழக்கமான வேலை. மற்ற கார்களில் ஹெட்டைக் கழற்றினால் போதும், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் வால்வு வெளியே வர ஒரே வழி சிலிண்டர் துளை வழியாகக் கீழே.

எனவே தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, இணைப்புகளை விடுவித்து, ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுள்ள எஞ்சினை வண்டியிலிருந்து தூக்க வேண்டும். மேலே கேம் ஷாஃப்ட்டையும் வால்வு ஸ்பிரிங்குகளையும் விடுவிக்க வேண்டும். அடிப்பாகத்தைப் பிரித்து பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் எடுத்த பிறகுதான் வால்வைக் கீழே இறக்க முடியும். ஒவ்வொரு வால்வும் எந்தச் சீட்டிலிருந்து வந்ததோ அதற்கே திரும்ப வேண்டும். எண் போட்டுப் பலகையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வைக்காவிட்டால் கிரைண்ட் செய்தது வீண். கிரைண்டிங் பசையில் ஒரு துளி துளைக்குள் தங்கினாலும் சிலிண்டர் சுவரைத் தின்றுவிடும். துடைப்பது கிரைண்ட் செய்வதைவிட நீண்ட வேலை.

இதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கார்கள் ஏன் மிகக் குறைவாக ஓடின என்பதும் புரியும்.

ஜனவரி 12, பிற்சேர்க்கை

கிளட்ச் எஞ்சினோடு ஒட்டியில்லை, சேஸிஸில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்தது. இரைச்சலும் அதிர்வும் முன்பக்கம் வராது. ஆனால் கியர்பாக்ஸ் எடை முழுவதும் ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே தொங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் அந்த எடையும் சேர்ந்து குதிக்கும். இவ்வளவு கனமான வண்டியில்தான் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது.

சக்கரம் 24 அங்குலம், இலகு உலோக வார்ப்பு, பிரேக் டிரம்மும் அதே வார்ப்பில். கேபிள் பிரேக், உதவிக்கு சர்வோ இல்லை. நிற்கும், ஆனால் காலில் பலம் வேண்டும்.

ஜனவரி 15

மருத்துவர் ஃபுக்ஸின் வண்டி. இந்த ஆறில் அதிகம் அலைந்தது இதுதான். ஜெர்மனியில் நிலைமை கெட்டதும் ஃபுக்ஸ் இத்தாலி, பிறகு கிழக்காசியா, கடைசியில் 1937 வாக்கில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வண்டியும் போனது. அங்கே பராமரிக்க ஆளில்லாமல் 1940களில் காயலான் கடைக்கு வந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்லஸ் செயின் தேடிப்பிடித்து வாங்கினார். விலை 400 டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பிளாக் வெடித்திருந்தது. காரணம் குளிர். வடிக்காமல் விட்ட தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும்; வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது, பிளக்கும். மற்ற எஞ்சினில் ஹெட் வெடித்தால் ஹெட்டை மாற்றலாம். ஒரே வார்ப்பான இதில் எங்கே வெடித்தாலும் வெடித்தது முழு எஞ்சின்தான்.

செயின் அதைச் சரிசெய்து 1947இல் ஓட்டினார். ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு நான்கு கார்புரேட்டர் வைத்தார். கேபிள் பிரேக்கை ஹைட்ராலிக் ஆக்கினார். கறுப்பு மஞ்சள் போய், சிப்பி வெள்ளையும் கரும்பச்சையும் வந்தன. 1950களின் கடைசியில் டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார்.

செயினைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். இன்னும் சில குளிர்காலம் அந்தக் கடையில் கிடந்திருந்தால் ஆறு ஐந்தாகியிருக்கும். ஓட்ட நினைத்தவர் பிரேக்கை மாற்றியது நியாயம். கார்புரேட்டர் விஷயத்தில் மட்டும், பழைய அமைப்புக்கே திரும்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஜனவரி 16

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். அந்த நான்கு கார்புரேட்டரும் இப்போது எழுபது வருடத்துக்கு மேல் அந்த வண்டியின் வரலாறு. எடுத்தால் செயினின் கைத்தடம் போய்விடும். அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 20

விலையைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நேராக ஏறிக்கொண்டே போன கோடு என்று நினைக்க வேண்டாம்.

ஃபாஸ்டர் வண்டி 1946இல் புகாட்டி வணிகர் ஜாக் லெமன் பர்ட்டனிடம் 700 பவுண்டு அளவில் போனது. 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷேக்ஸ்பியர் வாங்கினார். அவர் இலினாயில் சேர்த்திருந்த முப்பது புகாட்டிகளோடு சேர்த்து, 1960களின் முற்பாதியில் ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃபுக்கு விற்றார். பிந்தேர் வண்டி டட்லி வில்சன், வங்கியாளர் மில்ஸ் லேன் கைகளைக் கடந்து 1964இல் ரீனோவின் கார் சேகரிப்பாளர் பில் ஹாராவிடம் 45,000 டாலருக்கு வந்தது. அன்று அது பரபரப்பான தொகை. பெர்லினும் ஹாராவிடமே சேர்ந்தது.

பாய்ச்சல் 1980களில். 1986இல் பெர்லின் 65 லட்சம் டாலருக்கு ஜெர்ரி மூரிடம் போனது, உடனே 81 லட்சத்துக்கு டாமினோஸ் பீட்சா நிறுவனர் டாம் மொனகனிடம். 1987 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிறிஸ்டீஸ் ஏலம்: கெல்னர் 55 லட்சம் பவுண்டு, வாங்கியவர் ஸ்வீடனின் ஹான்ஸ் துலின். 1990இல் ஜப்பானின் மெய்டெக் நிறுவனம் அதை 1 கோடியே 57 லட்சம் டாலருக்கு எடுத்தது.

நடுவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1989இல் துலின் கெல்னரை ஏலத்தில் விட்டபோது 1 கோடியே 15 லட்சம்வரை கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. 1996இல் பிந்தேர் வண்டியை வில்லியம் லியோன் ஏலத்தில் விட்டார். 1 கோடியே 10 லட்சம் வந்தும் கொடுக்கவில்லை, எதிர்பார்த்தது 1 கோடியே 50 லட்சம். மொனகன் 1991இல் பெர்லினை விற்றபோது வாங்கிய விலைகூடத் தேறவில்லை. 1999இல் ஃபோக்ஸ்வாகன் பிந்தேர் வண்டியை வாங்கியது, 2 கோடி டாலர் என்று செய்தி. அது சேகரிப்பாளர் கொடுத்த விலை அல்ல, புகாட்டி பெயரையே வாங்கிய கம்பெனி அந்தப் பெயருக்குக் கொடுத்த விலை. அதை வைத்து மற்ற ஐந்தையும் மதிப்பிடக் கூடாது.

ஜனவரி 21

மீதி எஞ்சின்கள் எங்கே போயின என்றால், ரயிலில். 1933 முதல் பிரெஞ்சுத் தண்டவாளத்தில் ஓடிய புகாட்டி ரயில் கார்களில் இதே எஞ்சினைத் திறனைக் குறைத்துப் பொருத்தினார்கள். பெரிய வகையில் நான்கு எஞ்சின், சேர்த்து 800 குதிரைத்திறன். விற்காத கார் தொழிற்சாலையை அழிக்கவில்லை, அதன் எஞ்சின் பல வருடம் சோறு போட்டது. அந்த ரயில் கார் ஒன்று முல்ஹவுஸ் ரயில் மியூசியத்தில் இருக்கிறது.

ஜனவரி 26

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "முல்ஹவுஸ் கார் மியூசியத்தில் எஸ்டெர்ஸ் ரோட்ஸ்டர் நிற்கிறதே, அது என்ன?" என்கிறார். அது மட்டும் பிரதி. அசல் சேஸிஸ் 41.111 பிந்தேர் பாடியோடு ஃபோக்ஸ்வாகனிடம் போனது. முல்ஹவுஸில் இருப்பது ஷ்லும்ஃப் சேகரிப்பில் இருந்த உதிரிகளை அடித்தளமாக்கிப் பின்னர் கட்டியது. ஹெட்லைட் இல்லாத அந்தக் கோட்டை நேரில் பார்க்க வேறு வழி இல்லை என்பதால் அது இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆறோடு சேர்த்து எண்ணக் கூடாது, அவ்வளவே. ஆறும் ஒரே இடத்தில் கூடியது 1985 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: முல்ஹவுஸில் நெப்போலியனும் பார்க் வார்டு லிமோசினும் இரண்டும் அசல். டியர்பார்னில் செயினின் வண்டி. எங்கே போனாலும் யானைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். முன்னோக்கிய கால் நீள்வட்ட ஸ்பிரிங் பட்டைகளோடு, பின்னோக்கி இன்னொரு ஜோடி இருக்கும். நடுவில் அச்சோடு ஒட்டிய கியர்பாக்ஸ். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதைத் தாங்க ஏன் இரண்டாவது ஜோடி பட்டை தேவைப்பட்டது என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும்.